ரப்பருக்குள் மிதக்கும் கண்ணாடி

அம்பாசடரின் முன் கண்ணாடி எந்தப் பசையின் பலத்திலும் நிற்பதில்லை. வங்கத்து உத்தர்பாராவில் ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி 2014 வரை அந்த வண்டியைச் செய்தார்கள். மார்க் ஒன்று, இரண்டு என்று பெயர் மாறியது, கிரில் மாறியது, எஞ்சின்கூட மாறியது. ஆனால் ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோடு வந்த கண்ணாடி மாட்டும் முறை அப்படியே இருந்தது. சுற்றிலும் ஒரு ரப்பர் பீடிங், அதில் இரண்டு பள்ளம். ஒன்றில் கண்ணாடியின் ஓரம், மற்றொன்றில் பாடித் தகரத்தின் விளிம்பு. அவ்வளவுதான்.

திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துரா வொர்க்‌ஷாப்பில் நான் கற்றுக்கொண்ட முதல் வேலை கயிறு இழுப்பது. பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, வெளிப்பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து இருவர் கண்ணாடியை அழுத்திப் பிடிப்பார்கள். டேஷ்போர்டுக்கு மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும் பையன் கயிற்றின் நுனியை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே வந்து விழும். "மெள்ள இழுலே மக்கா, உதடு கிழிஞ்சிரும்" என்பார் ஆசான். அவரும் என்னைப் போலக் குமரிக்காரர். 1956 நவம்பர் வரை எங்கள் ஊரும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யத்தில் இருந்ததை யாரும் கேட்காமலே சொல்லுவார்.

கண்ணாடி உட்கார்ந்த பிறகுதான் சீலன்ட். ரப்பரின் உதட்டை மரச்சீவலால் தூக்கி, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு சுற்று, ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே இன்னொரு சுற்று. அது காய்ந்து இறுகாத கறுப்புக் களிம்பாக இருக்க வேண்டும் என்பதில் ஆசான் பிடிவாதக்காரர். காரணம் பொன்முடி. அந்த மலைச்சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பழைய பாடி முறுக்கிக்கொடுக்கும், கண்ணாடி முறுக்காது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் நகர்ந்து கொடுக்கிறது. இறுகிய பசை அங்கே இருந்தால் ஒன்று அது பிளந்து தண்ணீர் இறங்கும், இல்லையேல் கண்ணாடியின் மூலையில் கீறல் விழும்.

தண்ணீர் இறங்குவது இங்கே சின்ன விஷயம் அல்ல. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே அடிக்கிற ஊர் இது. பீடிங்குக்கு அடியில் தங்கும் ஈரம் வெளியே தெரியாமல் தகரத்தை அரிக்கும்; கால்மிதியடி நனைந்து நாறும்போதுதான் சொந்தக்காரருக்குத் தெரியும். அதற்குள் விளிம்பு போயிருக்கும், டிங்கர் வந்து வெட்டி ஒட்ட வேண்டும்.

இந்த ரப்பர் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கேரளத்தில் ரப்பர் வணிகப் பயிரானது 1902-ல், பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில். இன்று வித்துராவைச் சுற்றிலும் ரப்பர் தோட்டம்தான். ஆனால் மரத்துப் பாலில் செய்த பீடிங்கை வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் சில வருடங்களில் வெடிக்க வைத்துவிடும். கிரீஸோ மண்ணெண்ணெயோ பட்டால் உப்பிப்போகும். 1960-களில் சந்தைக்கு வந்த ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வெயிலைத் தாங்கியது. இப்போது பீடிங் வாங்குபவர் கேட்க வேண்டியது அதைத்தான். உள்ளூர் அபிமானம் இந்த இடத்தில் உதவாது.

பசையால் கண்ணாடியை நிறுத்தும் வழக்கத்தை அறுபதுகளில் அமெரிக்கக் கார்கள் தொடங்கிவைத்தன. பாலியூரித்தேன் வந்ததும் அது உலகமெங்கும் பரவியது. அதில் கண்ணாடி பாடியின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. பாடி அதை நம்பியே வடிவமைக்கப்படுகிறது. அந்தக் கண்ணாடிகளின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை உண்டு. அழகுக்கென்று பலர் நினைக்கிறார்கள். வெயில் கண்ணாடி வழியே புகுந்து பசையை அரிக்காமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. அம்பாசடர், பத்மினி போன்ற பழைய கார்களின் கண்ணாடிகளில் அந்தப் பட்டை கிடையாது. ஆகவே "புது கார் பசை, நல்ல பலம்" என்று யாராவது டியூப்பை நீட்டினால் நான் வாங்குவதில்லை.

சிலிக்கானோ இன்னும் மோசம். குளியலறைக்கு விற்கும் மலிவான டியூப்பைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். அது அசெட்டிக் அமிலம்; தகரத்தில் துருவைத் தொடங்கிவைக்கும், லாமினேட்டட் கண்ணாடியின் நடுப்படலத்தையும் ஓரத்திலிருந்து கெடுக்கும். அமிலம் விடாத நியூட்ரல் வகையும் உண்டு. ஆனால் பெயின்டர் அதையும் மன்னிக்கமாட்டார்: சிலிக்கான் தொட்ட இடத்தில் பெயின்ட் குழிகுழியாக விலகி நிற்கும், எத்தனை முறை துடைத்தாலும்.

அந்த நடுப்படலம் பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனெதிக்துஸின் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. 1903-ல் அவர் கைதவறிக் கீழே விழுந்த ஒரு குடுவை சிதறாமல் விரிசலோடு நின்றதாம்; உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம்தான் காரணம். 1909-ல் காப்புரிமை எடுத்தார். எஸ்டேட் ஜீப்பின் தட்டைக் கண்ணாடியை இன்று கடையிலேயே லாமினேட்டட் ஷீட்டில் அறுத்து வாங்குகிறோம். வாங்கியபின் செய்யக் கூடாதது ஒன்றுண்டு: ஓரத்தைத் தின்னரில் ஊறிய துணியால் துடைப்பது. தின்னர் படலத்துக்குள் இறங்கினால் விளிம்பு பால்போல் வெளுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே களிம்பு.