அடிக்கட்டைகள்

என் வீட்டுப் பரணில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே நகையும் இல்லை, பட்டும் இல்லை. வாடகை ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள்தான். திருவல்லிக்கேணியில் பதினான்கு குடித்தனம் இருந்த ஒரு ஸ்டோர் வீட்டுக்கு 1941-இலிருந்து எழுதப்பட்டவை. 1978 வரை அப்பாவின் கையெழுத்து, அதற்கப்புறம் என்னுடையது. வாடகை வசூலும் வீட்டுப் பராமரிப்புமே எங்கள் இருவருக்கும் பிழைப்பு. இந்தத் தொழிலைப் பற்றி யாரும் சரித்திரம் எழுதியதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

ஸ்டோர் என்றதும் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். தெருப்பக்கம் ஒரு சின்ன வாசல், அதிலிருந்து கொல்லை வரை நீளும் ஒரு நடை, இரு பக்கமும் வரிசையாகப் போர்ஷன்கள். போர்ஷன் என்பது ஒரு அறை, அதை ஒட்டிய சமையல் மூலை, அவ்வளவுதான். நடுவில் கிணறு, கடைசியில் இரண்டு கக்கூஸ். எங்கள் ஸ்டோரின் உரிமையாளர் தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார். வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தசாரதி கோயில் உற்சவத்துக்கு வந்தால் உண்டு. வக்கீல் குமாஸ்தாவாக இருந்த அப்பாவிடம், வசூலில் நூற்றுக்கு ஐந்து என்று பேசிச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா பொறுப்பேற்ற மறு வருஷமே ஊர் காலியானது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டான். 9-ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது மதராஸ்தான் என்று ஜனங்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஊர்களுக்குக் கிளம்பினார்கள். தெருத் தெருவாக ‘டு லெட்’ பலகை தொங்கியது என்று அப்பா சொல்வார். எங்கள் ஸ்டோரில் ஒன்பது போர்ஷனுக்குப் பூட்டு விழுந்தது. உரிமையாளருக்கு அப்பா ஒரு கடிதம் எழுதினார். அதன் நகல் பெட்டியில் இருக்கிறது. போனவர்களின் பாத்திரம் பண்டங்கள் உள்ளேயே இருக்கட்டும், பாதி வாடகை மணியார்டரில் அனுப்பினால் போதும், இடத்தை வேறு யாருக்கும் விட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். உரிமையாளரும் ஒப்புக்கொண்டார். அந்த மாதங்களின் அடிக்கட்டைகளில் பன்னிரண்டு ரூபாய் இருந்த இடத்தில் ஆறு ரூபாய் என்று இருக்கும், ஓரத்தில் ‘யுத்த காலம்’ என்று சின்ன எழுத்தில். பயம் தெளிந்து ஊர் திரும்பியபோது மதராஸில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. எங்கள் ஸ்டோரில் மட்டும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் அவரவர் பூட்டை அவரவரே திறந்தார்கள். வாடகை வீட்டை நிர்வகிப்பது எப்படி என்று என்னை யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். நல்ல குடித்தனக்காரரை இழந்தால் வரும் நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

யுத்த காலத்து நெருக்கடியில்தான் வாடகைக் கட்டுப்பாடும் பிறந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941-இல் ஓர் உத்தரவு வந்தது. அதுவே 1946-இல் சட்டமாகி, 1949-இல் வேறு சட்டமாகி, 1960-இல் 18-ஆம் எண் சட்டமாக நிலைத்தது. நியாய வாடகையை நிர்ணயிக்க ஆரம்பத்தில் வைத்த அளவுகோல், 1940 ஏப்ரல் முதல் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அந்த மாதிரி இடத்துக்கு என்ன வாடகை நடந்தது என்பது. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, அரிசி விலை எங்கேயோ போனது. வாடகை மட்டும் 1940-இன் நிழலிலேயே நின்றது.

வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. அரசு விரும்பினால் அந்த வீட்டைத் தன் ஊழியருக்கு ஒதுக்கும். ஸ்டோர் போர்ஷன் போன்ற அற்ப வாடகை இடங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் லாயிட்ஸ் ரோட்டில் அப்பா பார்த்துக்கொண்ட ஒரு தனி வீட்டுக்கு உண்டு. அந்த வீட்டுக்காரர், தூரத்து உறவினர் ஒருவரைக் குடிவைத்ததாகக் கணக்குக் காட்டச் சொன்னார். அப்பா முடியாது என்று சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாதம் நாலு ரூபாய் வருமானம் போயிற்று. அம்மாவுக்கு அந்த வருத்தம் வெகுநாள் இருந்தது.

குடித்தனக்காரருக்கும் உரிமையாளருக்கும் இந்தச் சட்டம் ஒரு பொதுவான ஆயுதத்தைக் கொடுத்தது. அதுதான் ரசீது. வாங்கிய வாடகைக்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும். வாடகையை வாங்க மறுத்து, பிறகு ‘பாக்கி வைத்தான்’ என்று வழக்குப் போடுவது அக்காலத்து உரிமையாளர்கள் சிலரின் தந்திரம். அதற்குச் சட்டம் ஒரு வழி வைத்தது. ‘எந்த பேங்கில் கட்டட்டும்’ என்று குடித்தனக்காரர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பத்து நாளில் பதில் வராவிட்டால் கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர் அனுப்பலாம். அதுவும் திரும்பி வந்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டலாம். ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த நாட்களில், மணியார்டர் மறுப்புச் சீட்டுகளைக் கற்பூரப் பெட்டியில் பத்திரமாக வைத்து எடுத்து வந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா என்னிடம் புத்தகத்தை ஒப்படைத்தபோது மூன்று பழக்கங்களைக் கட்டாயமாக்கினார். பணம் கைக்கு வருமுன் ரசீது எழுதக் கூடாது. பணம் வந்தபின் ரசீது எழுதாமல் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. அடிக்கட்டையிலும் குடித்தனக்காரரின் கையெழுத்தை வாங்க வேண்டும். “அடிக்கட்டை நம்மோடது இல்லடா, ரெண்டு பேரோடதும்” என்பார். அந்த வயதில் அது எனக்கு விளங்கவில்லை.

அட்வான்ஸ் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். 1960-ஆம் வருஷச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனால் என் காலத்தில் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. வாடகையை ஏற்ற முடியாத உரிமையாளர் அதன் வட்டியில் ஈடுகட்டப் பார்த்தார். வீடு கிடைக்காத குடித்தனக்காரர் கழுத்துச் சங்கிலியை வைத்துக் கொடுத்தார். பதினொரு மாத ஒப்பந்தம் வந்த கதையும் இப்படித்தான். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டம். அந்தச் செலவுக்குப் பயந்து பன்னிரண்டில் ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள். அட்வான்ஸை நான் எந்த வீட்டிலும் உரிமையாளர் செலவுக்கு விட்டதில்லை. காலி செய்கிறவர் சாவியை நீட்டும்போது மறு கையில் பணம் இருக்க வேண்டும். அடுத்து வருகிறவரிடம் வாங்கித் தருகிறேன் என்று இழுத்தடிக்கிற வீட்டுக்கு இரண்டாவது தடவை நல்ல மனிதர் வரமாட்டார்.

ஒரு வருஷத்தில் எப்போது என்ன வேலை என்பதற்கும் இந்தத் தொழிலில் ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனி கடைசியில் காலியான போர்ஷன் ஆவணி வரை காலிதான். அந்த ஒரு மாதத்தை நான் நஷ்டமாகப் பார்த்ததில்லை. வெள்ளையடிப்பு, கதவுக் கீல், சமையல் மூலையின் புகைக்கூண்டு எல்லாவற்றையும் ஆடியிலேயே முடித்துவிடுவேன். ஆவணி பிறந்ததும் கைவண்டிகள் அண்டா குண்டானோடு தெருவை அடைக்கும்போது எங்கள் போர்ஷன் சுண்ணாம்பு வாசனையோடு தயாராக இருக்கும்.

எல்லாவற்றையும் விடக் கூரைதான் என் மனசில் நிற்கிறது. அந்தக் கால வீடுகளுக்கு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிடிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடிப்பார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அந்தக் கூரை பல தலைமுறை நிற்கும். அதற்கு எமன் இரண்டே. தூம்பில் அடைக்கும் சருகு ஒன்று, கைப்பிடிச் சுவரில் காக்கை போடும் அரச விதை இன்னொன்று. தண்ணீர் தேங்கினால் உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே ஊறி உளுத்துவிடும், வெளியே தெரியாது. அதனால் புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்னால், அப்பா தானே மாடிக்குப் போய் மண்டியிட்டுத் தூம்புகளைக் கையால் துழாவுவார். அரசங்கன்றை வெட்டக் கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும் என்பார்.

இதற்குப் பணம்? வசூலில் ரூபாய்க்கு ஓரணாவை ஒரு பிஸ்கட் டின்னில் தனியாகப் போட்டுவந்தார். பழைய மிராசுதாரின் சம்மதத்தோடு நடந்த ஏற்பாடு அது. அவர் காலமான பிறகு வாரிசுகள் அதை நிறுத்தச் சொன்னார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். 1990-இல் எங்கள் ஸ்டோரில் ஒரு போர்ஷனின் வாடகை அறுபது ரூபாய். பதினான்கு குடித்தனமும் சேர்ந்து எண்ணூற்று நாற்பது. சொத்து வரி, குடிநீர் வரி, கிணற்று மோட்டாருக்கான மின்சாரம் போனால் மிச்சம் ஒரு கொத்தனாரின் சில நாள் கூலி. நியாய வாடகை கேட்டு மனுப் போட்டால் நிலத்தின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் சேர்த்து அதில் நூற்றுக்கு ஒன்பது என்று கணக்கிட்டு நிர்ணயிப்பார்கள். ஆனால் பதினான்கு வழக்கு, பதினான்கு வக்கீல் பீஸ், மேல்முறையீடு, சீராய்வு. வீட்டை விழ விட்டுவிடுவதே மலிவு என்று அவர்கள் முடிவு செய்தார்கள். குடியிருப்பவரைக் காப்பாற்ற வந்த சட்டம் அவர் தலைக்கு மேலிருந்த கூரையைக் காப்பாற்றவில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் சட்டத்தின் மேல் மட்டுமல்ல.

2005 மழையில் கிணற்றை ஒட்டிய மூன்று போர்ஷன்களின் கூரை உள்வாங்கியது. நல்லவேளை, பகல் நேரம். ஒரு குழந்தையின் தொட்டில் மேல் செங்கல் விழுந்தது, தொட்டிலில் குழந்தை இல்லை. அதற்குப் பிறகு வாரிசுகள் ஒரே குறியாக இருந்தார்கள். இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யக் கோரி மனுப் போட்டார்கள். ஒரு போர்ஷனில் மட்டும் வேறு காரணமும் சேர்த்தார்கள். அங்கே இருந்தது ஒரு விதவை அம்மாள், கோயில் வாசலில் பூக் கட்டி விற்பவர். பதினெட்டு மாத வாடகையை வேண்டுமென்றே தரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த மழையில் அவருடைய ரசீதுகள் கூழாகிப் போயிருந்தன. அது அவர்களுக்குத் தெரியும்.

நான் உரிமையாளரின் ஆள். அவர்கள் சம்பளம் வாங்குகிறவன். அடிக்கட்டைகளைக் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னார்கள், கட்டளையாக இல்லை, சுமுகமாகவே. அன்று ராத்திரி பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். பதினெட்டு மாதமும் இருந்தது. ஒவ்வொன்றிலும் அந்த அம்மாளின் கோணல்மாணலான கையெழுத்து, சில இடங்களில் மஞ்சள் கறையோடு. மறுநாள் அவருடைய வக்கீல் கேட்டபோது சாட்சிக் கூண்டில் ஏறி அந்தப் புத்தகங்களை மேஜையில் வைத்தேன். பாக்கிக் குற்றச்சாட்டு அதோடு போயிற்று. என் வேலையும் போயிற்று. கடைசியில் பதினான்கு பேரும் ஆளுக்கு ஒரு தொகை பெற்றுச் சமரசமாகக் காலி செய்தார்கள். 2012-இல் ஸ்டோரை இடித்தார்கள். கிணற்றையும் மூடினார்கள். அந்த அம்மாள் மகள் வீட்டுக்குத் தாம்பரம் போனார். அவருடைய கடைசி மாத ரசீதை மின்சார ரயிலில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

2017-இல் வந்த புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்து, 1960-ஆம் வருஷச் சட்டத்துக்கு முடிவு கட்டியது. இப்போது ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகைதான். வாடகையை இரு தரப்பும் பேசிக்கொள்ளலாம். இனி கூரைக்குப் பணமில்லை என்று எந்த உரிமையாளரும் சொல்ல முடியாது. ஏழைக் குடித்தனக்காரருக்கு இது எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்ற கவலை எனக்கு உண்டு. ‘சைவம் மட்டும்’ என்ற பலகையை இந்தச் சட்டமும் கழற்றவில்லை. நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாடகை சரியாகக் கொடுப்பதற்கும் சாதிக்கும் சாப்பாட்டுக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. என் அடிக்கட்டைகளில் அது எழுதியிருக்கிறது.

என் மகள் இப்போது வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் ஒன்பது வீடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். உரிமையாளர்கள் வெளிநாட்டில். வாடகை போனில் வந்து விழுகிறது, ரசீதும் போனிலேயே போகிறது. வசூலில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனிக் கணக்கில் போடுவதற்கு ஒன்பது பேரிடமும் எழுதி வாங்கியிருக்கிறாள். போன புரட்டாசியில் ஒருநாள், “அப்பா, மடிப்பாக்கம் மாடியைப் பார்க்கணும், வர்றீங்களா?” என்றாள். முழங்கால் வலியோடு ஏறினேன். தூம்புகள் சுத்தமாக இருந்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கைப்பிடிச் சுவர் விரிசலில், நான்கு இலையோடு ஓர் அரசங்கன்று. மகள் கத்தியை எடுக்கக் கீழே இறங்கப் போனாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து, அடியில் பிடித்து மெதுவாக இழுத்தேன். வேர் இன்னும் ஆழம் போகவில்லை. முழுசாகக் கையோடு வந்தது.