தேறலின் கடுப்பு

திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு மலைச்சாரலில் வாழும் பளியர்க்குக் காட்டுத்தேன் எடுத்தல் வழிவழித் தொழில்களுள் ஒன்றாகும். மலைவாணர் தேனை மூங்கிற்குழாயுட் பெய்து விளைவித்த தேறலை மலைபடுகடாம் கூறும். புறநானூற்று 392ஆம் பாட்டில் ஔவையார், நாட்பட்ட தேறலுக்குத் தேளின் கடுப்பை உவமை கூறுவர். அக்கடுப்பு தேறலின் வன்மையோ, உள்ளே அடைபட்ட வளியின் சுறுக்கோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இனிப்பை உண்டு சாராயச்சத்தையும் கரியமில வாயுவையும் தரும். 4 கிராம் சர்க்கரை முற்றும் நொதிப்பின் ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு தோன்றும். வாய் இறுக மூடிய கலத்தில் அது கரைந்து நிற்கும், மூடாவிடின் அகலும். சாராயச்சத்து மிக மிக ஈஸ்டின் ஆற்றல் குன்றும். ஆதலின் வன்மை மிக்க பியரைப் புட்டியில் அடைப்போர், அளவாகச் சர்க்கரையும் புதிய ஈஸ்டும் சேர்த்து, மிதவெப்பத்தில் வாரக்கணக்கில் வைப்பர். சர்க்கரை மிகின் புட்டி வெடித்தலும் உண்டு.

மேற்காட்டிய ஈரிடத்தும் கலத்தின் வாயை இறுக அடைத்தமை கூறப்படவில்லை. தேறல் என்பதோ தெளிவு என்னும் பொருளது. தெளியவைத்து வடித்துப் பொற்கலத்தில் வார்க்குங்கால் வளி பெரிதும் நீங்கும். நாட்கள் செல்லச் செல்ல இனிப்புக் குறைந்து வன்மை மிகும். ஔவையார் நாளின் நீட்சியைச் சுட்டியதும் இதுபற்றியே போலும். ஆகவே, தேளின் கடுப்பு தேறலின் வன்மையையே குறிக்கும் எனக் கோடல் பொருந்தும்.