‘ஒன்றிரண்டுதானே’ என்ற சமாதானம்

தேநீர்க்கடை வாசலில் தொங்கும் தும்புக் கயிற்றின் நுனியில் எந்நேரமும் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். கடைக்காரரிடம் ஒரு சிகரட்டை மட்டும் வாங்கி, அந்தக் கயிற்றிலேயே பற்ற வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது நம் நாட்டுப் புகைப் பழக்கத்தின் நெடுங்கால வழமையாகும். மேலை நாடுகளில் புகைப்பவர் பெரும்பாலும் பெட்டியாகவே வாங்குகின்றார். இங்கோ தனித்தனியாக வாங்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. இதனால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. 2015 ஆம் ஆண்டு முதல் சிகரட் பெட்டியின் 80 வீதப் பரப்பில் அச்சிடப்பட்டுவரும் எச்சரிக்கைப் படங்கள் தனிச் சிகரட் வாங்குபவரின் கண்ணில் படுவதேயில்லை. இரண்டாவது விளைவு இதனிலும் பாரதூரமானது. ‘நான் நாளொன்றுக்கு ஒன்றிரண்டுதான் புகைக்கின்றேன், அதனால் என்ன வந்துவிடப்போகின்றது’ என்ற சமாதானம் படித்தவர், பாமரர் என்ற பேதமின்றி எல்லோரிடமும் பரவியிருக்கின்றது. இந்தச் சமாதானம் உண்மைதானா என்பதையே இங்கு ஆராய வேண்டியுள்ளது.

புகைத்தலால் விளையும் கேடு இன்று விவாதத்துக்குரிய விடயமல்ல. 1950 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ரிச்சர்ட் டோல், ஒஸ்டின் பிராட்போர்ட் ஹில் ஆகியோரும், ஐக்கிய அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் ஆகியோரும் சிகரட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே நிறுவினர். அடுத்த ஆண்டில் டோலும் ஹில்லும் பிரித்தானிய வைத்தியர்களையே ஆய்வுக்கு உட்படுத்தினர். 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் வைத்தியர்கள் அரை நூற்றாண்டு காலம் தொடர்ந்து அவதானிக்கப்பட்டார்கள். 2004 இல் வெளியான அதன் முடிவு, வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 10 ஆண்டுகள் முந்தி இறந்தனர் எனத் தெரிவித்தது. புகையிலையினால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணிப்பிட்டுள்ளது.

ஆனால் இவையெல்லாம் பெட்டி பெட்டியாகப் புகைப்பவர்களின் கதை என்று நமது ‘ஒன்றிரண்டு’காரர் எண்ணக்கூடும். அவருக்கான விடை 2018 ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த அலன் ஹெக்ஷோ தலைமையிலான குழுவினர் 141 நீண்டகால ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பரிசீலித்தார்கள். நாளுக்கு 20 சிகரட்டுகள் புகைக்கும் ஆண்களுக்கு இதய நோய் ஏற்படும் ஆபத்து, புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அப்படியாயின் ஒரேயொரு சிகரட் புகைப்பவருக்கு அந்த மேலதிக ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். சாதாரணக் கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால் உண்மையில் அவருக்கு ஆபத்து ஏறத்தாழ 48 வீதத்தினால் அதிகரித்திருந்தது. அதாவது, இருபது சிகரட் விளைவிக்கும் மேலதிகக் கேட்டில் கிட்டத்தட்டப் பாதியை ஒரு சிகரட்டே விளைவித்துவிடுகின்றது. பக்கவாதத்திலும் இதையொத்த நிலைமையே காணப்பட்டது.

இதயம் இவ்வாறு கணக்கை மீறி நடந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. குருதிக்குழாய்களின் உட்சுவர் மிக மென்மையானது. சிறிதளவு புகைகூட அதன் நெகிழ்வைக் குலைத்துவிடுகின்றது. குருதியிலுள்ள சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும் தன்மையும் குறைந்த அளவு புகையிலேயே வெகுவாக உயர்ந்துவிடுகின்றது. அதற்கு மேல் எத்தனை புகைத்தாலும் கேட்டின் அளவு சிறிது சிறிதாகவே கூடுகின்றது. இத்துடன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான ஈர்ப்புடன் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், இதயத் தசைக்குக் கிடைக்க வேண்டிய ஒட்சிசனும் குறைந்துபோகின்றது. இருபதிலிருந்து ஐந்தாகக் குறைத்துவிட்டேன் என்று மகிழ்பவர்கள் நம்மிடையே பலர். அந்த முயற்சியைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் மாரடைப்பைப் பொறுத்தவரை அவர்கள் அடைந்த பாதுகாப்பு அவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாகும்.

புற்றுநோயின் கணக்கு வேறு விதமானது. இங்கு எண்ணிக்கைக்குக் கணிசமான பங்கு உண்டென்பது உண்மை. ஆனால் அதைவிட முக்கியமானது புகைத்த ஆண்டுகளின் தொகை. நாளாந்த அளவை இரட்டிப்பாக்குவதைக் காட்டிலும் புகைத்த காலத்தை இரட்டிப்பாக்குவது பன்மடங்கு ஆபத்தானது என்பதை டோலும் ரிச்சர்ட் பீட்டோவும் எடுத்துக்காட்டியுள்ளனர். புகையில் 7 ஆயிரத்துக்கும் அதிகமான இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. நுரையீரலில் மட்டுமன்றி வாய், தொண்டை, களம், சதையி, சிறுநீர்ப்பை ஆகியவற்றிலும் அவை தமது வேலையைச் செய்கின்றன. முப்பது வருடங்களாக ‘ஒன்றிரண்டு’ புகைத்துவரும் ஒருவர், அந்த முப்பது வருடங்களையே கணக்கில் எடுக்க வேண்டும்.

நீண்டகாலச் சுவாச அடைப்பு நோய், இளவயது ஆண்களின் கால்விரல்களை அழுகச்செய்து சில வேளைகளில் காலையே அகற்ற வைக்கும் பேர்கர் நோய் ஆகியனவும் புகையோடு நெருங்கிய உறவுடையவை. புகைப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு 30 முதல் 40 வீதம் வரை அதிகம். வீட்டுக்கு வீடு நீரிழிவு பெருகிவரும் நமது சமூகத்தில் இந்தச் செய்தி போதியளவு பேசப்படவில்லை.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஏன் விட முடிவதில்லை என்ற கேள்வி எழுகின்றது. இங்கேதான் நிக்கொட்டின் என்ற பொருளைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது.

‘என் பாட்டனார் காலையும் மாலையும் சுருட்டுப் பிடித்தார், தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார்’ என்று கூறாத யாழ்ப்பாணத்தவர் குறைவு. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. தென்னிலங்கை நகரங்களில் யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக் கடைகள் ஒரு காலத்தில் பெயர் பெற்று விளங்கின. சுருட்டும் கேடற்றதல்ல, வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கு அது வழிவகுக்கின்றது. ஆனால் சுருட்டுக்கும் சிகரட்டுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. சுருட்டுப் புகை காரத்தன்மை வாய்ந்தது. அதன் நிக்கொட்டின் வாயின் உட்தோலினூடாகவே மெதுவாக உறிஞ்சப்படுகின்றது. புகை காரமாக இருப்பதால் ஆழ இழுப்பதும் கடினம். சூடேற்றிப் பதப்படுத்திய இலையினாலான சிகரட்டின் புகை சிறிது அமிலத்தன்மையுடையது, மென்மையானது. நெஞ்சுக்குள் இழுத்தாலொழிய நிக்கொட்டின் போதியளவு சேராது. இழுத்துவிட்டால், நுரையீரலின் பரந்த பரப்பினூடாகக் குருதியில் கலந்து, 10 முதல் 20 வினாடிகளுக்குள் மூளையைச் சென்றடைகின்றது. நாளத்தில் ஏற்றும் ஊசிமருந்தும் இவ்வளவு வேகமாக மூளையை எட்டுவதில்லை.

மூளையில் நிக்கொட்டின், டோபமின் என்ற பொருளைச் சுரக்கச் செய்கின்றது. உணவு, உறவு, வெற்றி ஆகியவற்றின்போது நாம் உணரும் நிறைவுக்குத் துணைபுரிவது இந்த டோபமின்தான். சுமார் இரண்டு மணித்தியாலங்களில் குருதியிலுள்ள நிக்கொட்டின் பாதியாகக் குறைந்துவிடுகின்றது. தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் நிக்கொட்டினைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகளின் எண்ணிக்கையும் கூடிவிடுகின்றது. வாங்கிகள் வெறுமையாகும்போது எரிச்சல், பதற்றம், கவனச்சிதறல், பசி ஆகியவை தலைதூக்குகின்றன. அடுத்த சிகரட் இவற்றைத் தணிக்கின்றது. ‘சிகரட் எனக்கு அமைதி தருகின்றது’ என்று புகைப்பவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அந்த அமைதியின்மையை உருவாக்கியதும் முந்திய சிகரட்டே என்பதை அவர் உணர்வதில்லை.

நாள்தோறும் புகைக்காதவர்களையும் இது விட்டுவைப்பதில்லை. 12, 13 வயதுடைய மாணவர்களைக் கொண்டு ஜோசப் டிபிரன்சா என்ற அமெரிக்க வைத்தியர் நடத்தி 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இடையிடையே புகைத்த பிள்ளைகள் சிலரிடம் சில வாரங்களுக்குள்ளேயே அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தோன்றியதைக் காட்டியது. முதலாவது சிகரட்டைச் சுவைத்துப் பார்ப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், குறைந்தது சிறிது காலமாவது நாளாந்தம் புகைப்பவர்களாக மாறுகின்றனர் என்று 2018 இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வு கணித்துள்ளது.

உற்பத்தியாளர்கள் இதனை அறியாதிருக்கவில்லை. பிரவுண் அன்ட் வில்லியம்சன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் 1963 ஆம் ஆண்டிலேயே, தாம் விற்பது அடிமைப்படுத்தும் ஒரு போதைப்பொருளை என்று உள்ளகக் குறிப்பொன்றில் எழுதி வைத்திருந்தார். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 1994 ஏப்ரலில், ஏழு பெரும் புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் வரிசையாக அமர்ந்து, நிக்கொட்டின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்று சத்தியப் பிரமாணத்தின் பேரில் கூறினர். அவர்களுள் அதே நிறுவனத்தின் தலைவரும் ஒருவர்.

இலங்கையில் பெண்கள் புகைப்பது மிக அரிது. ஆயினும் அவர்கள் தப்பிவிடவில்லை. கணவர் கடுமையாகப் புகைக்கும் வீடுகளில் வாழ்ந்த, தாம் புகைக்காத மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகரிப்பதை ஜப்பானின் தகேஷி ஹிராயாமா 1981 இலேயே வெளிப்படுத்தினார். ஒரே அறையில் உறங்கும் சிறு பிள்ளைகளின் ஆஸ்துமாவும் காதுநோயும்கூட இக்கணக்கில் சேர வேண்டியவை.

சட்டத்தைப் பொறுத்தவரை இலங்கை பின்தங்கிய நாடல்ல. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச சமவாயத்தை 2003 ஆம் ஆண்டிலேயே நமது நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் விளம்பரங்களையும் மூடிய பொது இடங்களில் புகைப்பதையும் தடைசெய்தது. ஆனால் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டவர் விடுபட உதவும் ஏற்பாடுகளுக்கு இத்தகைய அக்கறை காட்டப்படவில்லை என்பதே எமது அபிப்பிராயம். வைத்தியர் ‘புகைப்பீர்களா’ எனக் கேட்கின்றார். நோயாளி ‘ஒன்றிரண்டுதான்’ என்கின்றார். உரையாடல் அத்துடன் முடிந்துவிடுகின்றது.

விடுபடுவது இயலாத காரியமன்று என்பதை நமது சமயச் சூழலே காட்டுகின்றது. ரமழான் மாதத்தில் 13 மணித்தியாலங்களுக்கும் மேலாகப் புகையைத் தொடாதிருக்கும் முஸ்லிம் சகோதரர்கள் பலர், நோன்பு திறந்ததும் முதலில் சிகரட்டைத் தேடுவதைக் காண்கின்றோம். மாலையாகும்போது அவர்களது குருதியில் நிக்கொட்டின் பெரும்பாலும் அற்றுப்போயிருக்கும். தவிப்பு உச்சம் பெறுவது இரண்டாம் மூன்றாம் நாள்களிலேதான். அன்று மாலை பற்றவைக்கும் ஒரு சிகரட் அவர்களை மறுபடியும் தொடக்கத்துக்கே கொண்டுவந்துவிடுகின்றது. இரவிலும் அதே கட்டுப்பாடு தொடருமாயின், முதல் வாரத்திலேயே மிகக் கடினமான பகுதி கடந்துபோகும். ஐயப்பனுக்கு மாலை அணியும் பக்தர்களின் நிலை இன்னும் வியப்புக்குரியது. 41 நாள்கள் புகையாதிருந்தவரின் உடல், வழமையாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கும் தவிப்பை முழுமையாகக் கடந்துவிட்டது. மாலையைக் கழற்றிய பின் அவரை மீண்டும் இழுப்பது உடலின் தேவையன்று. தேநீர்க் கோப்பை, பழைய நண்பர் கூட்டம், கடை வாசலிலுள்ள அந்தக் கயிறு ஆகியவையே.

எவ்வித உதவியுமின்றித் திடீரென நிறுத்த முயல்வோரில் 100 பேருக்கு 3 முதல் 5 பேர் வரையே ஓராண்டு வரை நிலைத்து நிற்கின்றனர். தோற்றுப்போகும் மற்றவர்கள் தம்மை மனவுறுதி அற்றவர்களாகக் கருதி வெட்கி, முயற்சியையே கைவிடுவது பெரும் துயரம். நிக்கொட்டினை மட்டும் சிறிது சிறிதாக வழங்கும் மெல்லும் பசை, தோலில் ஒட்டும் பட்டை ஆகியவை வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. புகையும் தாரும் காபனோரொட்சைட்டும் அவற்றில் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் இவற்றை 2009 ஆம் ஆண்டிலும், வரனிக்ளின், புபுரோபியன் ஆகிய மருந்துகளை 2021 ஆம் ஆண்டிலும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. முன்னர் புகைக்காத இளைஞர்கள் நாகரிகம் எனக் கருதிக் கையிலெடுக்கும் மின்சிகரட் இவற்றோடு சேர்த்தெண்ணத் தக்கதன்று. அது புதிதாக நிக்கொட்டினுக்கு அடிமையாவதற்கான வாசலாகும்.

கடைசிச் சிகரட்டுக்குப் பின் ஓரிரு நாள்களில் குருதியிலிருந்து காபனோரொட்சைட்டு நீங்கிவிடுகின்றது. ஓராண்டில் இதய நோயின் மேலதிக ஆபத்து ஏறத்தாழ பாதியாகின்றது. முன்னர் குறிப்பிட்ட பிரித்தானிய வைத்தியர்களில் 30 வயதளவில் புகைப்பதைக் கைவிட்டவர்கள் இழக்கவிருந்த 10 ஆண்டுகளையும் கிட்டத்தட்ட முழுமையாக மீட்டுக்கொண்டனர். 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும் பெற்றனர். 60 வயதில் விட்டவர்களுக்கும் சுமார் 3 ஆண்டுகள் கிடைத்திருந்தன.