புவித்தரவுப் பகிர்வும் அச்சு வரிசையும்

1. வரையறை

ஒரு மென்பொருள் எழுதிய புவித்தரவை மற்றொன்று, எழுதியவரைக் கேட்காமலே, அதே பொருளில் படித்துக்கொள்ளும் இயல்பை 'இயைந்தியங்கல்' என்கிறோம். அதற்கென எவரும் பெற்றுக் கையாளும்படி, பலர் கூடி வகுத்துப் பலர் கூடித் திருத்தும் விதித்தொகுப்பே 'திறந்த தரநிலை'.

பலர் கூடித் திருத்துவது என்னும் கூறு இன்றியமையாதது. ஷேப்ஃபைல் என்னும் புவித்தரவுக் கோப்பு வடிவின் விவரக்குறிப்பை எஸ்ரி நிறுவனம் 1998-இல் வெளியிட்டது. யாரும் படிக்கலாம், திருத்தும் உரிமை நிறுவனத்துடையது. ஆகவே அதனை 'வெளியிடப்பட்ட வடிவம்' என்போமேயன்றித் திறந்த தரநிலை என்னோம். அதன் குறையைப் பிறர் திருத்தவும் இயலாது: பண்பு அட்டவணையின் புலப்பெயருக்குப் பத்து பைட்டே இடம். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியொன்று மூன்று பைட் கொள்வதால், 'மாவட்டம்' என்ற தலைப்பு 'மாவ' என்று நின்றுவிடும்.

2. வகை

1994-இல் தோன்றிய, புவித்தரவுத் தரநிலைகளுக்கான ஓ.ஜி.சி. கூட்டமைப்பு வகுத்த சேவைகளுள் இரண்டு இங்கே போதும். கேட்ட பரப்பை வரைந்து படமாகத் தருவது படச்சேவை (டபிள்யூ.எம்.எஸ்., 2000). சாலை, கிணறு, எல்லை ஆகியவற்றை ஆள்கூறுகளோடும் பண்புகளோடும் தருவது கூறுச்சேவை (டபிள்யூ.எஃப்.எஸ்., 2002). முன்னது பார்க்க, பின்னது கணக்கிட.

3. பிழையின் காரணம்

வடிவம் ஒத்திருந்தும் பொருள் பிறழ்வதுண்டு. 'அச்சு வரிசை' என்பது ஆள்கூற்று இணையில் எது முதலில் வரும் என்னும் உடன்பாடு. நிலநூலார் அகலாங்கை முதலில் சொல்வர். கணிப்பொறியில் வரைவோர் கிடையச்சை முதலில் வைப்பதால் நெட்டாங்கு முந்தும். இரண்டும் மரபே, இரண்டையும் கலப்பதே தவறு.

சென்னையை, அகலாங்கு முதலாக, 13.08, 80.27 என எழுதுவோம். வரிசை மாற்றிப் படித்தால் புள்ளி ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் விழும். இது கண்ணில் படும் பிழை, உடனே திருத்திவிடலாம். இரு எண்களும் நெருங்கியிருக்கும் நாடுகளிலோ புள்ளி சற்றே விலகி நிற்கும், யாரும் ஐயுறார். அதுவே அஞ்சத்தக்கது.

தரநிலையே இக்குழப்பத்தை வளர்த்ததும் உண்டு. படச்சேவையின் 1.1.1 பதிப்பில், ஈ.பி.எஸ்.ஜி. 4326 என்னும் ஆள்கூற்று முறைக்கு, கேட்கும் பரப்பின் எல்லைப்பெட்டியை நெட்டாங்கு முதலாகத் தரவேண்டும். 2004-இல் வந்த 1.3.0 பதிப்பு அதே முறைக்கு அகலாங்கை முதலில் கேட்டது. முறையின் மூல வரையறை அதுவேயாதலால் கோட்பாட்டளவில் சரி. ஆனால் பழைய கோரிக்கையில் பதிப்பெண்ணையும் முறையைச் சுட்டும் அளவுருவின் பெயரையும் மட்டும் மாற்றி அனுப்பியவருக்குத் தவறான இடமோ பிழைச்செய்தியோதான் கிடைத்தது. விதி செம்மைப்பட்டது, பயன்பாடு இடறியது.

4. தீர்வின் படிகள்

முதற்படி, வரிசையைப் பெயரிலேயே குறிப்பது: அதே 1.3.0 பதிப்பு, நெட்டாங்கு முந்தும் சி.ஆர்.எஸ். 84 முறையையும் ஏற்றது. அடுத்த படி, தேர்வையே விலக்குவது: 2016-இன் ஆர்.எஃப்.சி. 7946 என்னும் இணையத் தரநிலை ஆவணம், ஜியோஜேசன் என்னும் புவித்தரவு வடிவுக்கு டபிள்யூ.ஜி.எஸ். 84 முறை ஒன்றையே விதித்து, நெட்டாங்கை முதலில் வைத்தது. விதி இறுக்கமானதுதான், எனினும் ஐயத்துக்கு இடமில்லாமையால் இதையே மேலானதெனக் கொள்கிறோம்.

2019-இல் வெளியான ஓ.ஜி.சி. ஏ.பி.ஐ. கூறுகள் என்னும் தரநிலையின் முதற்பகுதியும், வேறு முறை கேட்கப்படாதபோது, நெட்டாங்கையே முதலில் தருகிறது.