வழிகாட்டி நூலும் அதன் உரிமமும்: ஐ.டி. சேவை மேலாண்மையில் திறந்த மறுபயன்பாட்டின் வரலாறு

பிரிட்டிஷ் அரசின் மத்தியக் கணினி, தொலைத்தொடர்பு முகமையான சி.சி.டி.ஏ. 1989இல் அரசுத் துறைகளின் கணினிப் பிரிவுகளுக்காகச் சில கைநூல்களை வெளியிடத் தொடங்கியது. ஹெல்ப் டெஸ்க்கை எப்படி நடத்துவது, சேவைத் தரத்தை எப்படி ஒப்பந்தமாக்குவது என்பன போன்ற நடைமுறை விஷயங்கள்தான் அவற்றில் இருந்தன. அந்த வரிசைக்கு ஐட்டில் என்று பெயர். 2021இல் அந்தப் பெயர், பதிப்புரிமை, தேர்வு வணிகம் எல்லாம் பிரின்ஸ்2 முதலிய பிற நூல் வரிசைகளோடு சேர்ந்து 38 கோடி பவுண்டுக்குப் பீப்பிள்செர்ட் என்ற தேர்வு நிறுவனத்தின் கைக்குப் போயின. மக்கள் வரிப்பணத்தில் எழுதப்பட்ட ஒரு வழிகாட்டி இப்படித் தனியார் சொத்தானது எப்படி? அதே காலத்தில், லாபத்துக்காகவே நடக்கும் மைக்ரோசாஃப்ட் எழுதிய ஒரு வழிகாட்டி, யாரும் எடுத்துத் திருத்தி வணிகத்தில் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளிவந்தது எப்படி? இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என் வாதம் இது: ஐட்டில் திறந்திருக்கிறது என்று எல்லோரும் எண்ணிய நாட்களிலும் அந்தத் திறப்பு எந்த உரிமத்திலும் எழுதிவைக்கப்படவில்லை. பின்னாளில் அதை மூடுவது அதனால்தான் எளிதாயிற்று.

பதிப்புரிமை எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879ஆம் ஆண்டு அமர்வில் எடுத்துத் தீர்ப்பளித்த பேக்கர் எதிர் செல்டன் வழக்கு இதற்கு அடித்தளம். செல்டன் ஒரு கணக்குப்பதிவு முறையை விளக்கி நூல் எழுதியிருந்தார். கட்டம் போட்ட மாதிரிப் படிவங்களும் அதில் இருந்தன. பேக்கர் சற்றே மாறுபட்ட கட்டங்களோடு அதே வகை முறைக்கான பேரேடுகளை விற்றார். நூலுக்குள்ள பதிப்புரிமை அந்த நூல் விளக்கும் முறையின் மீது ஏகபோகம் தராது என்று நீதிமன்றம் சொன்னது. 1994ஆம் ஆண்டின் டிரிப்ஸ் உடன்படிக்கையும் தன் 9ஆம் பிரிவில் கருத்துகளுக்கும் செயல்முறைகளுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று வரையறுத்தது.

ஆகவே, உடனடியாகச் சேவையை மீட்கும் வேலையை ‘இன்சிடென்ட்’ என்றும் கோளாறின் வேரைத் தேடும் வேலையை ‘பிராப்ளம்’ என்றும் பிரித்து டிக்கெட் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் ஒரு நிறுவனம் மறுபயன்பாடு என்று கேட்பது இதைவிட அதிகம். வரையறைகள், பொறுப்பு அட்டவணைகள், சரிபார்ப்புக் கேள்விகள் ஆகியவற்றை எழுதியபடியே எடுக்க வேண்டும். தன் துறைகளின் பெயர்களைப் போட்டு, பொருந்தாத பத்திகளை வெட்டி, இன்ட்ராநெட்டில் ஏற்றி, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சிக் கையேடாகக் கொடுக்க வேண்டும். ஆலோசனை நிறுவனமாக இருந்தால் அதை வாடிக்கையாளருக்கு விற்கவும் வேண்டும். பதிப்புரிமை குறுக்கே வந்து நிற்பது இங்கேதான்.

ஐட்டிலின் முன்வடிவம் அரசு ஐ.டி. உள்கட்டமைப்பு மேலாண்மை முறை என்று பொருள்படும் நீண்ட பெயரோடு உருவானது. வெளியீட்டுக்கு முன் ‘அரசு’ நீக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களும் இதைத் தமக்குரியதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது. 1991இல் தொடங்கிய பயனர் மன்றம் பின்னர் ஐ.டி.எஸ்.எம்.எஃப். என்ற பெயரில் பல நாடுகளில் கிளை விட்டது. நெதர்லாந்தின் எக்சினும் பிரிட்டனின் ஐ.எஸ்.இ.பி.யும் தேர்வுகள் நடத்தின. 1990களின் நடுவில் நூல்கள் முப்பதைத் தாண்டிவிட்டன. ஆலோசகர்களும் மென்பொருள் நிறுவனங்களும் தயக்கமின்றி ஐட்டில் பெயரில் தொழில் செய்தார்கள். 1999இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆபரேஷன்ஸ் ஃபிரேம்வொர்க்கின் (எம்.ஓ.எஃப்.) முதல் பதிப்பை ஐட்டிலின் மேல்தான் கட்டியது. ஐட்டில் பொதுச்சொத்து என்று அந்நாளில் பலர் நம்பினார்கள், எழுதவும் செய்தார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்நாளைய நூல்கள் எல்லாமே பிரிட்டிஷ் அரசப் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 163ஆம் பிரிவுப்படி, எழுதிய சில ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த அரசு நூலுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. உரிமை வேறொருவர் கைக்கு மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. 1989இல் வந்த ஹெல்ப் டெஸ்க் கைநூலை 2039 முடியும்வரை உரிமையாளரைக் கேட்காமல் மறுபதிப்புச் செய்ய முடியாது. அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலை வேறு. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் பணியின் பகுதியாக எழுதுவனவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. அதனால் நிஸ்ட் என்ற தேசியத் தர நிறுவனம் 2004இல் வெளியிட்ட, பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் 800-61 வழிகாட்டியை அமெரிக்க நிறுவனம் எதுவும் பத்தி பத்தியாக எடுத்துத் தன் விதிநூலாக்கிக்கொள்ள முடிந்தது.

2001இல் சி.சி.டி.ஏ., அரசு வணிக அலுவலகமான ஓ.ஜி.சி.யில் கரைந்தது. 2006இல் தேர்வு, பயிற்சி அங்கீகாரம் ஏ.பி.எம். குழுமத்துக்கும் நூல் வெளியீடு டி.எஸ்.ஓ.வுக்கும் ஒப்பந்தமாயின. டி.எஸ்.ஓ. என்பது 1996இல் தனியாருக்கு விற்கப்பட்ட அரசுப் பதிப்பகம். அதுவரை தம் பொறுப்பில் தேர்வு நடத்திய எக்சினும் ஐ.எஸ்.இ.பி.யும் இனி ஏ.பி.எம்.மிடம் அங்கீகாரம் பெற வேண்டியதாயிற்று. மறு ஆண்டு மூன்றாம் பதிப்பு ஐந்து நூல்களாக வந்தது. வருமானத்தின் ஊற்று நூல் விற்பனையிலிருந்து தேர்வுக்கு நகர்ந்துவிட்டதை இந்த ஏற்பாடு காட்டுகிறது. தேர்வுக் கேள்விகளும் பயிற்சி ஸ்லைடுகளும் நூலின் சொற்களையே பயன்படுத்த வேண்டியிருப்பதால், சொற்களைத் தன் கையில் வைத்திருப்பவரே பயிற்சிச் சந்தையையும் ஆள்கிறார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் ஆண்டு 2010. அந்தச் செப்டம்பரில் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் திறந்த அரசு உரிமத்தை அறிமுகப்படுத்தியது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அரசின் எழுத்தை யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், வணிகப் பொருளில் சேர்க்கலாம். அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு பின்னர் எழுதிய சேவைக் கையேடு இந்த உரிமத்தில்தான் வந்தது. ஐட்டிலோ வெளியே நிறுத்தப்பட்டது. 2013இல் கேபிடா நிறுவனம் 51 விழுக்காடும் அமைச்சரவை அலுவலகம் 49 விழுக்காடும் பங்கு வைத்து ஆக்செலோஸ் என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தன. உரிமை அதற்குச் சென்றது. அங்கிருந்து 2021இல் பீப்பிள்செர்ட்டுக்கு. விற்பனைத் தொகையில் அரசுக்கும் பங்கு கிடைத்தது என்பது உண்மை. ஆனால் முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் பயிற்சியாளர்களும் பயனர் மன்றங்களும் தங்கள் உழைப்பால் சேர்த்த மதிப்பும் அந்த விலையில் அடங்கியிருந்தது. அவர்களுக்கு அதில் எந்த உரிமையும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இதன் சுமை சென்னையிலும் தெரிகிறது. ராஜீவ் காந்தி சாலையின் நிறுவனங்கள் ஐரோப்பிய, அமெரிக்க வாடிக்கையாளரின் கணினிகளை இரவும் பகலும் பராமரிக்கின்றன. ஷிஃப்டில் உட்கார்ந்து டிக்கெட் முடிக்கும் இளைஞர்களிடம் வேலை விளம்பரங்களே ஐட்டில் ஃபவுண்டேஷன் சான்றிதழ் கேட்கின்றன. 2022 முதல் தேர்வுக் கட்டணத்தோடு அதிகாரபூர்வ மின்னூலும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது. 2023 முதல் சான்றிதழ் மூன்றாண்டில் புதுப்பிக்கப்பட வேண்டியதாயிற்று. முதல் வேலை தேடுபவருக்கு இது சிறு தொகை அன்று.

இனி மறுபக்கம். 2008இல் வந்த எம்.ஓ.எஃப். நான்காம் பதிப்பை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். திட்டமிடு, வழங்கு, இயக்கு என்ற மூன்று கட்டங்களும் அவற்றைத் தாங்கும் மேலாண்மை அடுக்கும் கொண்டது அது. உள்ளே 16 சேவை மேலாண்மைச் செயற்பகுதிகள், ஒவ்வொன்றும் தனி ஆவணம். வாடிக்கையாளர் சேவை ஆவணத்தைத் திறந்தால் அட்டவணைகள்தான் அதிகம்: இடப்பக்கம் செய்ய வேண்டிய வேலை, வலப்பக்கம் கேட்க வேண்டிய கேள்விகள், உள்ளே வருவது, வெளியே போவது, நல்ல வழக்கங்கள். முன்பக்கத்தில் உரிமக் குறிப்பு. கிரியேட்டிவ் காமன்ஸின் ‘பெயர் குறிப்பிடுக’ உரிமம் அது. நகலெடுக்கலாம், மாற்றலாம், காசுக்கு விற்கலாம், மைக்ரோசாஃப்டின் அனுமதியோடு தரப்படுகிறது என்ற ஒரு வாசகத்தை மட்டும் சேர்க்க வேண்டும். அட்டவணையின் வலப்பக்கக் கேள்விகளை ஒரு நிறுவனம் தன் ரன்புக்கில் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். ஐட்டில் நூலின் ஒரு பக்கத்தை அப்படிச் செய்ய முடியாது.

மைக்ரோசாஃப்ட் இதைத் தாராள மனத்தால் மட்டும் செய்திருக்க வேண்டியதில்லை. தன் சர்வர்கள் ஒழுங்காக இயங்கினால்தான் அடுத்த பதிப்பு விற்கும். வழிகாட்டி பரவுவது அதற்கு லாபம். பிரிட்டிஷ் அரசுக்கும் தொடக்கத்தில் இதே நிலைதான். தன் துறைகளின் கணினிச் செலவு குறைந்தால் அதுவே ஆதாயம். வழிகாட்டியே விற்பனைப் பொருளாகும் இடத்தில்தான் கதவு சாத்தப்படுகிறது.

எம்.ஓ.எஃப். ஐட்டிலை வெல்லவில்லை. எக்சின் அதற்கும் தேர்வு நடத்தியது. ஆனால் வேலை விளம்பரங்கள் அதைக் கேட்கவில்லை. நான்காம் பதிப்புக்குப் பின் மைக்ரோசாஃப்டும் அதை வளர்க்கவில்லை. எனினும் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பது அந்த உரிமத்தின் விதி. ஆவணத்தின் நகல் கையில் இருப்பவர் இன்றும் அதைத் திருத்தித் தன் நிறுவனத்துக்கு ஆக்கிக்கொள்ளலாம். இதற்கு நேரெதிர் அனுபவம் சி.எம்.எம்.ஐ. என்ற திறன் முதிர்ச்சி மாதிரியுடையது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் 2009இல் வெளியிட்ட சேவைகளுக்கான மாதிரியை எவரும் இலவசமாக இறக்கிக்கொண்டு தம் நிறுவனத்துக்குள் பயன்படுத்த முடிந்தது. 2016இல் அந்தப் பணி ஐசாக்கா என்ற தொழில்முறைச் சங்கத்திடம் போனது. 2018இன் இரண்டாம் பதிப்பு கட்டணச் சுவருக்குப் பின்னால் வந்தது. முந்தையது இலவசமாக இருந்ததேயொழிய, அடுத்தவர் அதைத் தொடர்ந்து வளர்க்கும் உரிமை யாரிடமும் விடப்பட்டிருக்கவில்லை.

இலவசமாகப் படிப்பதற்கும் திறந்த உரிமத்துக்கும் உள்ள தூரத்தைக் கூகுளின் சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங் நூல் நன்றாகக் காட்டுகிறது. 2016இல் வந்த அந்நூலை யாரும் இணையத்தில் முழுதாகப் படிக்கலாம். ஆனால் அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வணிகப் பயன்பாட்டையும் மாற்றிய வடிவங்களைப் பகிர்வதையும் விலக்குகிறது. அதன் அத்தியாயத்தைச் சுருக்கித் தமிழில் பயிற்சி நூலாக விற்க அனுமதி கேட்டாக வேண்டும். பேஜர்டூட்டி என்ற நிறுவனம் தன் இன்சிடென்ட் கையேட்டை அப்பாச்சி உரிமத்தில் விட்டதால் அந்தத் தடை அங்கில்லை.

ஐரோப்பாவின் ஃபிட்.எஸ்.எம். இவ்வரிசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2012 முதல் 2015 வரை ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில் நடந்த ஃபெட்.எஸ்.எம். திட்டம் அதை உருவாக்கியது. பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து கணினி வளத்தைப் பகிரும் கூட்டமைப்புகளில் எல்லோருக்கும் மேலான ஒரே அதிகாரி கிடையாது; கனமான விதிநூல் அங்கே ஓடாது. அதனால் 14 செயல்முறைகளோடு மெலிந்த தரநூல் ஒன்றை எழுதி, மாதிரிப் படிவங்கள், முதிர்ச்சி மதிப்பீட்டுக் கருவி ஆகியவற்றோடு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் வெளியிட்டார்கள். திட்ட நிதி முடிந்தபின் ஐட்டெமோ என்ற சங்கம் பராமரிப்பை ஏற்றது. தேர்வும் உண்டு, அதற்குக் கட்டணமும் உண்டு, டி.யு.வி. சூட், பின்னர் ஏ.பி.எம். குழுமம் போன்றவை அதை நடத்தின. ஆனால் நூலைப் பெறுவதற்குத் தேர்வுக் கட்டணம் குறுக்கே நிற்பதில்லை. தேர்வு ஒருவரிடமும் திறந்த வாசகம் எல்லோரிடமும் இருக்க முடியும் என்பதை அது நடத்திக் காட்டியது. எக்சினும் ஐ.எஸ்.இ.பி.யும் தேர்வுகளைத் தொடங்கிய 1990களில் சி.சி.டி.ஏ. கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் இதுதான்: தேர்வுக்குக் காசு வாங்கட்டும், நூலை எந்த உரிமத்தில் விடுகிறோம்?