தாழ் இறக்கை மாதிரி விமானம்: நீலகிரியில் தேர்வும் கட்டுமானமும்

உடலின் அடிப்பகுதியில் இறக்கை பொருத்தப்பட்டு, தரையில் நிற்பவரின் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரால் இயக்கப்படும் சிறு விமானம் இது. பறக்க விடுபவர்கள் இதை ‘லோ விங்’ என்றே சொல்வார்கள். இவற்றில் ‘ஸ்போர்ட்’ எனப்படும் வகை, பயிற்சி விமானத்துக்கும் போட்டி விமானத்துக்கும் நடுவில் நிற்பது. கையை எடுத்தால் தானாக நிமிர்ந்துகொள்ளும் குணம் இதில் குறைவு. உருளவும், குட்டிக்கரணம் போடவும், தலைகீழாகப் போகவும் தயங்காது. கடலோரச் சமவெளியில் இத்தகைய விமானத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு உலகெங்கும் எழுதப்பட்ட பொது விதிகள் போதும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போன்ற மலையூர்களுக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை. காற்று மெலிந்தது, சமதளம் அரிது, மேகம் வேகமாக இறங்கும் என்ற மூன்று காரணங்களும் விமானத்தின் எடையில் தொடங்கி சக்கரத்தின் அளவு வரை எல்லாவற்றையும் மாற்றுகின்றன.

தோற்றம்

தொலையியக்க விமானங்களுக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டி 1960இல் சுவிட்சர்லாந்தின் டூபன்டார்ஃபில் நடந்தது. அதில் வென்ற அமெரிக்கர் எட் காஸ்மிர்ஸ்கியின் ‘ஓரியன்’ தாழ் இறக்கை விமானமே. 1967 போட்டியில் பில் கிராஃப்டின் ‘குவிக்-ஃப்ளை’ வென்றது. எளிமையான பெட்டி உடலும் நேரான இறக்கையும் கொண்ட அந்த விமானத்தின் சாயலை இன்றைய ஸ்போர்ட் விமானங்கள் பலவற்றில் காணலாம். இந்தியாவில் மாதிரி விமானக் கலையை மாணவர்களிடம் கொண்டு சேர்த்ததில் என்.சி.சி.யின் விமானப் பிரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. நிஜ விமானம் ஒன்றின் உருவில் கட்ட விரும்புவோருக்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. வி. எம். காட்கே வடிவமைத்து 1951இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானம் அது. அதன் இறக்கை நீளம் 10.72 மீட்டர். ஏழில் ஒரு பங்காகச் சுருக்கினால் 1.53 மீட்டர் வரும். கீழே பரிந்துரைக்கப்படும் அளவும் ஏறத்தாழ அதுவே. வெளிநாட்டுப் போர் விமானங்களையே திரும்பத் திரும்பக் கட்டுவதைவிட இது மேல்.

மலைக் காற்றின் கணக்கு

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் ஆறில் ஒரு பங்கு குறையும். இறக்கையின் தூக்குவிசை அடர்த்தியைப் பொறுத்தது. வேகத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. ஆகவே அதே விமானம் ஊட்டியில் விழாமல் பறக்க ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதல் வேகம் வேண்டும்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 155 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் கொண்ட இறக்கை. மொத்த எடை 2 கிலோ. இது சென்னையில் மணிக்கு 31 கி.மீ. அளவில் ‘ஸ்டால்’ ஆகும். அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும். ஊட்டியில் அந்த எல்லை 35 கி.மீ.க்கு ஏறிவிடுகிறது. நான்கு கி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் திரும்பும் வட்டத்தின் ஆரம், தரையில் ஓடும் தூரம், மோதினால் வெளிப்படும் ஆற்றல் எல்லாம் வேகத்தின் இருமடியோடு வளர்பவை. மூன்றும் கால் பங்கு கூடுகின்றன. சமவெளியில் கால் பங்கு கூடினால் தாங்கும். ஒரு பக்கம் சில்வர் ஓக் வரிசையும் மறுபக்கம் சரிவும் உள்ள தோட்ட மைதானத்தில் தாங்காது.

இதிலிருந்து வரும் விதி எளியது. சமவெளியில் ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கைக்கு 65 கிராம் வரை சுமை ஏற்றலாம் என்றால், ஊட்டியில் 52 கிராமோடு நிறுத்த வேண்டும். மேலே சொன்ன இறக்கைக்கு அது ஏறத்தாழ 2 கிலோ. சமவெளியில் அதே இறக்கை இரண்டரை கிலோவைச் சுமந்து இதே குணத்தோடு பறந்திருக்கும். அரை கிலோவை எங்கே குறைப்பது என்பதே மலையில் விமானம் கட்டுபவரின் முதல் கேள்வி.

தேர்வு

முதல் விமானமாக இதை எடுக்கக் கூடாது. உயர் இறக்கைப் பயிற்சி விமானத்தில் நான்கு சேனல்களையும், அதாவது உருட்டும் எய்லரான், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், பக்கம் திருப்பும் ரட்டர், வேகத்துக்கான த்ராட்டில் ஆகியவற்றையும் பிடிபட ஓட்டிய பிறகே தாழ் இறக்கைக்கு வர வேண்டும். மலையில் கற்றுக்கொள்ள வழியில்லாதவர்கள் கீழே கோவைப் பக்கத்துச் சமவெளியில் கற்றுக்கொண்டு மேலே வருவது புத்திசாலித்தனம்.

பெரியதா சிறியதா என்றால், எடை ஏறாத வரை பெரியதே நல்லது. ஒரு மீட்டருக்குக் குறைந்த இறக்கையோடு விரைந்து பறக்கும் போர் விமான உருவங்கள் கடைகளில் கவர்ச்சியாகத்தான் இருக்கும். மெலிந்த காற்றில் அவை தரையிறங்க மறுக்கும். ஒன்றரை மீட்டர் நீளமும், நுனி வரை ஒரே அகலமும், அகலத்தில் 15 விழுக்காடு தடிமனும், பாதிச் சமச்சீர் வளைவும் கொண்ட இறக்கையே இங்கே ஏற்றது. நுனியில் ஒடுங்கும் இறக்கை அழகானது, ஆனால் வேகம் குறையும்போது முதலில் நுனிதான் கைவிடும். எச்.டி.-2 போன்ற உருவம் கட்டுவோர் நுனியை இரண்டு டிகிரி கீழ்நோக்கி முறுக்கிக் கட்டுவது அதற்காகத்தான்.

தாழ் இறக்கையின் பெரிய குறை ஒன்றைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை: கையால் எறிந்து ஏற்றுவது கடினம். உயர் இறக்கையில் உடலின் அடியைப் பிடித்து வீசலாம். இதில் பிடிக்க வேண்டிய இடத்தில் இறக்கை இருக்கிறது. ஆகவே சக்கரத்தில் ஓடி எழ இருபது முப்பது மீட்டர் வெட்டிய புல்தரையாவது வேண்டும், அல்லது ரப்பர் கயிற்றால் இழுத்து ஏற்றும் ‘பஞ்சி’ வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் வசிப்பவருக்கு இந்த விமானம் ஏற்றதன்று. அவர் மலைச்சரிவில் மேலேறும் காற்றை நம்பிப் பறக்கும் கிளைடரை நாடலாம்.

கட்டுமானம்

மாதிரி விமானங்களின் மரபான மரம் ஈக்வடாரிலிருந்து வரும் பால்சா. இந்தியாவில் அது இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். அதனால் பலரும் இறக்கையைத் தெர்மாகோலில் வெட்டி, உடலைப் பால்சாவிலும் மெல்லிய பிளைவுட்டிலும் கட்டுகிறார்கள். சூடேற்றிய நிக்ரோம் கம்பியால் தெர்மாகோலை இறக்கை வடிவில் அறுத்து, நடுவே கார்பன் குழாய் பதித்து, மேலே பழுப்பு பேக்கிங் டேப் ஒட்டினால் மழை ஈரத்துக்கு அஞ்சாத இறக்கை கிடைக்கும். பால்சா ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதன்மேல் இழுத்துப் பிடித்த படலம் பருவத்துக்குப் பருவம் சுருக்கம் விழுந்து, இஸ்திரி கேட்கும். எடையில் மட்டும் பால்சா இறக்கைதான் இன்னும் முன்னே நிற்கிறது.

ஒட்டுவதில் கவனம் வேண்டும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகள் தெர்மாகோலைக் கரைத்துவிடும்; அங்கே ஃபெவிகாலோ எபாக்ஸியோதான். அரால்டைட் போன்ற எபாக்ஸி இறுகும் நேரம், வெப்பம் பத்து டிகிரி குறையக் குறைய ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஊட்டியின் ஜனவரி இரவில் ஒட்டியதைக் காலையில் தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று நம்பக் கூடாது. பசைக் குழாய்களை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக் கலக்க வேண்டும். ஒட்டிய பாகத்தைச் சூடான அறையில் ஒரு முழு நாள் விட வேண்டும்.

இறக்கையின் இரு பாதிகளும் சேரும் நடுமூட்டுதான் தாழ் இறக்கையின் உயிர். பறக்கும் சுமையும் தரையிறங்கும் அடியும் அங்கேதான் சேர்கின்றன. இரு பாதிகளும் நுனி நோக்கி மேலெழும் ‘டைஹெட்ரல்’ கோணம் ஒவ்வொன்றுக்கும் மூன்று டிகிரி வேண்டும். ஒரு பாதியைப் பலகையில் தட்டையாக அழுத்தி வைத்து, மறுபாதியின் நுனியை 8 செ.மீ. உயர்த்தி ஒட்டினால் அந்தக் கோணம் வந்துவிடும். உள்ளே பிளைவுட் தகடும், வெளியே எபாக்ஸியில் நனைத்த கண்ணாடியிழைத் துணிப் பட்டையும் போட வேண்டும். உயர் இறக்கைக்குக் கீழே உடல் ஊசல் போலத் தொங்குவதால்தான் அது நிலையாகப் பறக்கிறது என்று பலர் விளக்குவார்கள். உண்மைக் காரணம் வேறு. விமானம் பக்கவாட்டில் வழுக்கும்போது உடலைச் சுற்றிப் பாயும் காற்று, உயர் இறக்கையை நிமிர்த்தும் பக்கமும் தாழ் இறக்கையைச் சாய்க்கும் பக்கமும் வேலை செய்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் இந்தக் கோணம்.

சக்கரங்களை இறக்கையில் பொருத்துவதானால், 4 மி.மீ. கம்பியைத் தாங்கும் கடினமரக் கட்டையை இறக்கையின் விலாச் சட்டங்களோடு இணைக்க வேண்டும். தெர்மாகோலில் வெறுமனே புதைத்தால் முதல் கரடுமுரடான இறக்கத்தில் கட்டை இறக்கையையும் பிய்த்துக்கொண்டு போகும். இங்குள்ள மைதானங்களுக்கு உடலில் திருகப்பட்ட அலுமினியத் தகட்டுக் கால்களும், 7 செ.மீ.க்குக் குறையாத சக்கரங்களும், வால் சக்கரமும் சிறந்தவை. மூக்குச் சக்கரம் குழியில் மாட்டி ஒடிவது வழக்கம். தகட்டை நைலான் திருகால் பிணைத்தால், அடி பலமாக விழும்போது திருகு மட்டும் அறுந்து உடல் தப்பும்.

வாலை எவ்வளவு இலேசாக முடியுமோ அவ்வளவு இலேசாகக் கட்ட வேண்டும். வாலில் கூடும் ஒரு கிராமைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வேண்டியிருக்கும். எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 27 விழுக்காட்டில், அதாவது 25 செ.மீ. அகலத்தில் 6.75 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும். பின்னால் நகர்த்துவதெல்லாம் பறந்து பழகிய பிறகு.

வண்ணமும் கட்டுமானத்தைச் சேர்ந்ததே. வெள்ளையும் சாம்பலும் மூடுபனியில் மறைந்துவிடும். மேலே ஆரஞ்சு, அடியில் கறுப்புப் பட்டை என்று இரு பக்கமும் வேறுபட்டால் விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தொலைவிலும் தெரியும்.

மோட்டாரும் பேட்டரியும்

2 கிலோ விமானத்துக்கு 600 வாட் மோட்டாரும், நான்கு செல் 3,300 மில்லியாம்பியர் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும், 60 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தியும் பொருந்தும். பெட்ரோல், நைட்ரோ எஞ்சின்கள் மலையில் காற்றோடு சேர்ந்து வலுவையும் ஐந்தில் ஒரு பங்கு இழக்கும். எரிபொருள் ஊசியையும் இறுக்க வேண்டிவரும். மின் மோட்டாருக்கு அந்த இழப்பு இல்லை. மெலிந்த காற்றில் விசிறிக்குச் சுமை குறைவதால் மோட்டார் குறைந்த மின்சாரமே எடுக்கும். அதை ஈடுகட்ட விசிறியின் விட்டத்தை ஐந்து விழுக்காடு அளவில் கூட்டலாம்: சமவெளியில் 12 அங்குலம் போட்டவர் இங்கே 12.5 அல்லது 13 போட்டு, வாட் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய காற்று குளிர்விப்பதும் குறைவு என்பதால் மூக்கில் காற்றுத் துளையைத் தாராளமாக விட வேண்டும். லிப்போ பேட்டரி குளிரில் சோர்ந்து மின்னழுத்தம் சரியும். பறக்கும் வரை சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது.

இடம், பருவம், விதி

ஜனவரி முதல் மார்ச் வரை உறைபனி உருகிய பின் வரும் முற்பகல்தான் ஊட்டியில் நல்ல நேரம். வெயில் ஏறினால் பள்ளத்தாக்குக் காற்று மேலேறும். பிற்பகலில் மேகம் சில நிமிடங்களில் மைதானத்தை மூடிவிடும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூரும் ஊட்டியின் மேற்குப் பகுதியும் பறப்புக்கு ஆகாது; குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவத்தில் நனையும். காற்று வரும் பக்கம் மரவரிசை இருந்தால், அதன் மறுபுறம் காற்று சுழன்று கீழிறங்கும். கடைசி வளைவை அங்கே எடுக்கக் கூடாது. தேயிலைச் செடிமேல் இறங்கினால் பச்சை மெத்தை தாங்கும் என்று நினைப்பவர்கள், கவாத்து செய்த தோட்டத்தில் குச்சி முனைகள் இறக்கைப் படலத்தை என்ன செய்யும் என்று பார்த்திருக்க மாட்டார்கள். தேடப் போகும் முன் காட்டெருமை நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உடைந்த தெர்மாகோல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வருவது கடமை.

2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகள், 25 கிலோ வரையுள்ள, பொழுதுபோக்குக்காகவோ கல்விக்காகவோ கண்ணுக்கெட்டும் தொலைவில் பறக்கும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்கின்றன. பதிவு செய்து தனி அடையாள எண் பெறுவது அதன் பிறகும் கடமைதான். 2 கிலோ வரை வணிக நோக்கமின்றிப் பறக்க விடுபவருக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. மலைக் காற்று கேட்ட எடை எல்லையும் சட்டத்தின் எல்லையும் ஒரே இடத்தில் சந்திப்பது நல்ல தற்செயல். அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சையாகக் குறிக்கப்பட்ட மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி வேண்டாம். எந்த இடம் எந்த மண்டலம் என்பதை ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதளத்திலுள்ள அந்த வரைபடத்தில் பறக்கும் நாளன்றே பார்க்க வேண்டும். வெலிங்டன் ராணுவப் பகுதி, அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சுற்றுப்புறம், முதுமலை புலிகள் காப்பகம், காப்புக்காடுகள் ஆகியவற்றை முற்றாகத் தவிர்க்க வேண்டும். எஸ்டேட் மைதானமோ பள்ளி மைதானமோ என்றால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கொழுந்து பறிப்பவர்கள் வேலை செய்யும் நேரத்தில் அந்தச் சரிவின்மேல் பறக்க விடாதீர்கள்.