நினைவக இயக்ககமும் திண்மநிலை இயக்ககமும்

கணினியில் சுழலும் தட்டு ஏதும் இல்லாமல், சில்லுகளைக் கொண்டே தரவைச் சேமிக்கும் சாதனங்களில் இரு வகைகள் முக்கியமானவை. ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தைச் சேமிப்பிடமாக்குவது நினைவக இயக்ககம் (ரேம் டிரைவ்). ஃபிளாஷ் சில்லுகளால் ஆனது, இன்று எஸ்.எஸ்.டி. என்று அழைக்கப்படும் திண்மநிலை இயக்ககம். முன்னது மிக வேகமானது. மின்சாரம் நின்றால் அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும். பின்னது அதைவிட மெதுவானது. மின்சாரம் இல்லாதபோதும் தரவைக் காக்கும். இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் கேள்வியாகும்.

பின்னணி

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் நிலைவட்டில் (ஹார்ட் டிஸ்க்) 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. தேவையான தகவல் இருக்கும் இடத்துக்கு அதன் கை நகர்ந்து செல்ல வேண்டும். செயலிகளின் வேகம் வளர்ந்த அளவுக்கு இந்தக் கையின் வேகம் வளரவில்லை. எனவே தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளைப் பயன்படுத்தும் எண்ணம் எழுந்தது.

ரேமின் காலம்

1978இல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் 4305 என்னும் சாதனத்தை வெளியிட்டது. பெருங்கணினிகளுக்கான இதன் கொள்ளளவு 45 மெகாபைட். விலை சுமார் 4 லட்சம் டாலர். தனிக்கணினிகளில் இதே உத்தி மென்பொருள் வடிவில் வந்தது. 1984இல் வெளியான பி.சி. டாஸ் 3.0 இயங்குதளத்தின் விடிஸ்க் நிரல், ரேமின் ஒரு பகுதியை வட்டு போலக் காட்டியது. நெகிழ்வட்டில் (ஃபிளாப்பி) மெதுவாக நடந்த வேலை இதில் விரைவாக முடிந்தது. ஆனால் கணினியை நிறுத்தும் முன் கோப்புகளை மீண்டும் நெகிழ்வட்டில் நகலெடுக்க வேண்டும். அதற்குள் மின்தடை ஏற்பட்டால் அதுவரை செய்த வேலை முழுவதும் வீணாகும்.

ரேம் சில்லில் ஒவ்வொரு தகவல் துணுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அது தானாகக் கசிந்துவிடும் என்பதால், நொடிக்குப் பலமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மறதிக்குக் காரணம் இதுவே.

ஃபிளாஷின் வரவு

ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தையும் 1987இல் அதன் நாண்ட் வகையையும் அறிவித்தார். இதில் மின்னூட்டம் மின்காப்புப் படலத்துக்குள் அடைபட்டிருப்பதால் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். பின்னாளில் சான்டிஸ்க் எனப் பெயர் மாறிய சன்டிஸ்க் நிறுவனம் 1991இல் 20 மெகாபைட் ஃபிளாஷ் இயக்ககத்தைச் சுமார் 1,000 டாலருக்கு ஐ.பி.எம். நிறுவனத்துக்கு வழங்கியது.

ஃபிளாஷுக்கும் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்த மின்காப்புப் படலம் சிறிது தேய்கிறது. ஒரே இடம் விரைவில் பழுதாகாமல் இருக்க, எழுதும் வேலையை எல்லா இடங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் முறை கையாளப்படுகிறது.

இறுதிப் போட்டி

2005இல் கிகாபைட் நிறுவனம் ஐ-ரேம் என்னும் அட்டையை வெளியிட்டது. இதில் அதிகபட்சம் 4 கிகாபைட் ரேம் பொருத்தலாம். மின்இணைப்பு துண்டிக்கப்பட்டால் அதன் மின்கலம் சுமார் 16 மணி நேரம் தாங்கும். அதற்குமேல் தரவு இருக்காது. 2008இல் இன்டெல் வெளியிட்ட எக்ஸ்25-எம் இயக்ககமோ 80 கிகாபைட் கொள்ளளவுடன் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது, மின்கலமும் தேவைப்படவில்லை. பெரும் நிறுவனங்களுக்கு ரேம் இயக்ககங்களைத் தயாரித்துவந்த டெக்சாஸ் மெமரி சிஸ்டம்ஸ் நிறுவனமும் 2007இல் ஃபிளாஷ் இயக்ககத்தை அறிமுகப்படுத்தியது.

ரேமின் வேகத்துக்கு நெருங்கிய, ஆனால் மறக்காத ஒரு நினைவகத்தை ஆப்டேன் என்ற பெயரில் இன்டெல் 2017இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. போதிய சந்தை கிடைக்காததால் 2022இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது.

இன்றைய நிலை

கோப்புகள், ஒளிப்படங்கள், இயங்குதளம் ஆகியவற்றுக்குத் திண்மநிலை இயக்ககமே பொருத்தமானது. இழந்தாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய இடைக்காலக் கோப்புகளுக்கு ரேமில் அமைக்கும் இயக்ககம் இன்றும் பயன்படுகிறது. இவ்வசதி லினக்ஸ் இயங்குதளத்திலேயே உள்ளது. திண்மநிலை இயக்ககங்கள் பலவற்றின் உள்ளேயும் வேகத்துக்காக ஒரு சிறிய ரேம் சில்லு பொருத்தப்பட்டிருக்கிறது.